சர்க்கார் பாங்கியும் மலைக் குடியானவன் கடனும்

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஐரோப்பா தேசத்துச் சர்க்கார் பாங்கிகளைப் பற்றியது என்று தலைவர் அவர்கள் முன்னுரையில் சொன்னவுடனே உங்களில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டதை நான் கவனித்தேன். அது நியாயமேயாகும். சாமையும் புளியும் விளைகிற இந்த மலையின் மேல் வந்து, ஜெர்மனியில் பாங்கி எப்படி நடக்கிறது, பிரான்சில் எப்படி நடக்கிறது என்று ஒருவன் ஆரம்பித்தால், இவனுக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் யாருக்கும் தோன்றும். வேலை உண்டா இல்லையா என்பதை நான் பேசி முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள். நான் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. சரியென்று பட்டதை வைத்துக் கொள்ளுங்கள்; பாக்கியைத் தள்ளி விடுங்கள்.

தோழர்களே! நான் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவனல்ல. எட்டாவது வகுப்போடு நின்றவன். அடிவாரத்தில் ஒரு சிற்றூரில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். புத்தகசாலைக்குப் போய் வாசித்ததும், வாசித்ததை நாலு பேரிடம் கேட்டுச் சரி பார்த்துக் கொண்டதுமே என்னுடைய படிப்பு. இந்தப் பாங்கி விஷயத்தை நான் வாசிக்க ஆரம்பித்ததற்கே காரணம் ஒரு பாங்கி என்னை வாசலோடு அனுப்பியதுதான்.

சில வருஷங்களுக்கு முன் காற்றடிக்கும் யந்திரமும் கொஞ்சம் ஆயுதச் சாமான்களும் வாங்க எனக்கு 40,000 ரூபாய் தேவைப்பட்டது. முத்ரா என்ற திட்டத்தில் 50,000 ரூபாய் வரைக்கும் ஈடு இல்லாமல் கடன் கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு இருப்பதாகப் பத்திரிகையில் பார்த்தேன். பத்திரிகைத் துண்டைக் கையில் வைத்துக் கொண்டு ஒரு பாங்கிக்குப் போனேன். எந்தப் பாங்கி என்பது இங்கு முக்கியமல்ல. அங்கிருந்த அதிகாரி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "வீட்டுப் பத்திரம் இருக்கிறதா? சர்க்கார் உத்தியோகஸ்தர் யாராவது ஜாமீன் நிற்பார்களா?" என்று கேட்டார். "ஈடே வேண்டாம் என்றல்லவா போட்டிருக்கிறது?" என்றேன். "அப்படியானால் பத்திரிகைக்காரனிடமே போய் வாங்கிக்கொள்" என்று சொல்லிவிட்டார். மனுவைக்கூட அவர் கையால் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?

பிறகு நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினேன். மாதம் 2,000 ரூபாய் வட்டி. 20 மாதத்தில் வட்டியே 40,000 ஆயிற்று; அசல் அசையாமல் அப்படியே நின்றது. என் தாயார் அதைத் தலையெழுத்து என்றார்கள். தலையில் யாரும் எழுதவில்லை, அம்மா, கடன் கொடுத்தவன் நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதியிருக்கிறான் என்று நான் சொன்னேன்.

அப்பொழுதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சர்க்கார் பணம் ஒதுக்கியது பொய்யல்ல. எனக்குத் தேவை இருந்ததும் பொய்யல்ல. அப்படியானால் நடுவில் பணம் எங்கே நின்றது? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் ஐரோப்பா வரைக்கும் போனேன். அதாவது, புத்தகத்தில் போனேன்.

அபிவிருத்தி பாங்கி என்பது என்ன? சாதாரண பாங்கி, ஜனங்கள் போட்ட பணத்தை வாங்கி, சீக்கிரமாகவும் நிச்சயமாகவும் திரும்பி வரக்கூடிய இடத்தில் கடன் கொடுக்கும். ஒரு குடியானவன் இன்றைக்குப் பலாக் கன்று நட்டால் காய்ப்பதற்கு ஐந்தாறு வருஷமாவது ஆகும். அந்த ஐந்தாறு வருஷமும் பொறுத்திருந்து, பிறகு தவணை வாங்கிக் கொள்ளக் கூடியவன் யார்? லேவாதேவிக்காரன் அடுத்த மாதமே வாசலில் நிற்பான். சாதாரண பாங்கியும் அவ்வளவு காலம் காத்திராது. ஆகவே, இலாபம் தாமதித்து வருகிற வேலைக்கும், மற்றவர்கள் கை கொடுக்கப் பயப்படுகிற சிறிய மனிதனுக்கும் கடன் கொடுப்பதற்கென்று சர்க்காரே முதல் போட்டு நடத்துகிற பாங்கிதான் அபிவிருத்தி பாங்கி. பேர் எல்லா தேசத்திலும் அழகாகத்தான் இருக்கிறது. நாம் பார்க்க வேண்டியது பேரையல்ல. அதில் இருப்பது யார் பணம், அது யார் கை வழியாகப் போகிறது, கணக்கு யாருக்குச் சொல்லப்படுகிறது என்ற மூன்றையுமே.

ஐரோப்பாவைப் பார்த்து வர முதலில் போனவன் நானல்ல. 1892-ம் வருஷத்திலேயே நம் சென்னை மாகாணத்துச் சர்க்கார் பிரடரிக் நிக்கல்சன் என்ற சிவில் அதிகாரியை, ஐரோப்பாவில் விவசாயக் கடன் பாங்கிகள் எப்படி நடக்கின்றன என்று விசாரித்து வரும்படி நியமித்தார்கள். நம் ரயத்து அன்று லேவாதேவிக்காரன் வாயில் அகப்பட்டுக் கிடந்ததுதான் அதற்குக் காரணம். அவர் 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாகப் பெரிய அறிக்கை எழுதினார். ஐரோப்பாவின் நில பாங்கிகள், கம்பெனி பாங்கிகள், சங்கங்கள் எல்லாவற்றையும் அலசிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவர் வந்து சேர்ந்த முடிவு, ரெய்பைசனைப் போன்ற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் என்பதேயாகும்.

யார் இந்த ரெய்பைசன்? அரசனுமல்ல, பாங்கி முதலாளியுமல்ல. ஜெர்மனியில் மலையும் குளிரும் வறுமையும் நிறைந்த ஒரு பிரதேசத்துச் சிறு கிராமத்து மேயர். 1846, 1847-ல் பஞ்சம் வந்தபோது பணக்காரர்களைச் சேர்த்து மாவு வாங்கி ரொட்டி சுட்டு ஏழைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பல வருஷ அனுபவத்துக்குப் பிறகு, பணக்காரன் தர்மம் நெடுநாள் ஓடாது, கடன் தேவைப்படுகிற குடியானவர்களே ஒன்று சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்றால்தான் ஓடும் என்று கண்டார். ஒரு சிறு வட்டாரம். அதற்குள் ஒருவனை ஒருவன் அறிவான். எவன் உழைப்பாளி, எவன் குடிகாரன், எவன் மாடு நிஜமாகவே செத்தது என்பதெல்லாம் பத்திரம் பார்க்காமலே தெரியும். அதுதான் அவருடைய சங்கத்துக்கு ஈடு. நிக்கல்சன் அறிக்கைக்குப் பிறகு 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூர் என்ற கிராமத்தில் நம் மாகாணத்தின் முதல் சங்கம் பதிவாயிற்று.

ரெய்பைசன் சங்கம் சர்க்கார் பாங்கி அல்லவே என்று கேட்பீர்கள். வாஸ்தவம். அதனால்தான் சொன்னேன். சர்க்கார் கை வைத்து ஏற்படுத்திய பழைய நிலக்கடன் ஸ்தாபனங்களில் ஒன்று 1770-ல் பிரஷியா அரசர் பிரடரிக் சைலீசியா நாட்டில் ஏற்படுத்தியது. அது யாருக்கு? பிரபுக்களின் எஸ்டேட்டுகளுக்கு! குடியானவன் கடைசியில் தன் சங்கத்தைத் தானே கட்டிக் கொள்ள வேண்டி வந்தது. சர்க்கார் நடத்துகிறது என்ற ஒரே காரணத்தால் ஒன்று ஏழைக்கு உதவும் என்று நம்புவது, அபிஷேகம் நடக்கிறது என்பதால் பால் நம் வீட்டுப் பிள்ளைக்கு வரும் என்று நம்புவதற்குச் சமம்.

இனி இன்றைய பாங்கிகளுக்கு வருவோம்.

பிரான்சு தேசத்தில் 1816-ல் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. நெப்போலியன் யுத்தங்களில் கஜானா காலியாகிச் சர்க்கார் பேச்சை யாருமே நம்பாத காலம். ஆகவே ஜனங்களின் பணத்தை மந்திரிகள் கை வைக்க முடியாதபடி தனியாக வைத்து, அதை மேற்பார்வை பார்க்கும் அதிகாரத்தைப் பார்லிமெண்டுக்குக் கொடுத்தார்கள். மந்திரி கேட்டால் எடுத்துக் கொடுப்பது என்ற பேச்சு அங்கில்லை. அந்த தேசத்தில் கூலிக்காரன் முதல் கிழவி வரைக்கும் வைத்திருக்கிற சிறு சேமிப்புப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் சேருகிற பணத்தில் பெரும் பகுதி இந்த ஸ்தாபனத்துக்கு வந்து, ஏழைத் தொழிலாளிகள் குறைந்த வாடகைக்குக் குடியிருக்கும் வீடுகள் கட்ட, நாற்பது வருஷம், அதற்கு மேலும்கூட தவணை வைத்துக் கடனாகப் போகிறது. ஏழை போட்ட பணம் ஏழைக்குக் கூரையாகத் திரும்புகிறது. இத்தாலியிலும் 1850-ல் டூரின் நகரத்தில் ஆரம்பித்த ஒரு ஸ்தாபனம் தபாலாபீசில் ஜனங்கள் போடும் பணத்தைக் கொண்டே நடக்கிறது. ஆனால் 2003-ல் அதைக் கம்பெனியாக மாற்றி, சர்க்கார் 80 சதவிகிதத்துக்கு மேலும், மற்றவற்றில் பெரும்பாலானதைப் பாங்கி தர்ம ஸ்தாபனங்களும் வைத்துக் கொண்டிருக்கின்றன.

நம் தபாலாபீசிலும் இந்த மலை ஜனங்கள் பணம் போடுகிறார்கள். அது எங்கே போகிறது? டில்லியில் சிறு சேமிப்பு நிதி என்ற ஒன்றில் சேர்ந்து சர்க்கார் செலவுக்குக் கடனாகப் போகிறது. இன்ன பணம் இன்ன ஏழைக்கு வீடாயிற்று என்று காட்ட அங்கே ஒரு கோடு கிழித்து வைக்கவில்லை.

ஜெர்மனிக்கு வாருங்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உலகத்தில் எல்லோரும் உதாரணம் காட்டுவது அதைத்தான். யுத்தத்தில் தோற்று, ஊரெல்லாம் இடிந்து கிடந்த 1948-ல், புனருத்தாரணத்துக்காக ஒரு கடன் ஸ்தாபனம் ஏற்படுத்தினார்கள். கே.எப்.டபிள்யூ. என்று அதைச் சுருக்கமாகச் சொல்லுகிறார்கள். அமெரிக்கா மார்ஷல் திட்டத்தில் அனுப்பிய சாமான்களை உள்ளூரில் விற்று வந்த பணத்தைச் செலவழித்து விடாமல் ஒரு நிதியாக வைத்தார்கள். அதிலிருந்து நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மின்சாரத்துக்கும் வீட்டுக்கும் கடன் கொடுத்து, திரும்பி வந்ததையே மறுபடியும் கொடுத்தார்கள். விதை நெல்லைச் சமைத்து விடாமல் வைத்துக் கொண்ட புத்தி. இன்று அதன் ஐந்தொகை 50,000 கோடி யூரோவுக்கு மேல். மத்திய சர்க்காருக்கு 80 பங்கு, மாகாண சர்க்கார்களுக்கு 20 பங்கு.

ஆனால் அந்த மகா பாங்கிக்குக் கிளை ஆபீசுகள் கிடையாது. தனியார் பாங்கிகளோடு போட்டி போடக் கூடாது என்பது அதன் விதி. ஒரு கொல்லனுக்கோ தச்சனுக்கோ அதன் கடன் வேண்டுமானால், தனக்கு வழக்கமான பாங்கிக்குப் போய் மனுக் கொடுக்க வேண்டும். அந்தப் பாங்கி சரியென்றால்தான் கே.எப்.டபிள்யூ. பணம் கொடுக்கும். கடன் திரும்பாவிட்டால் நஷ்டத்தில் பங்கு பெரும்பாலும் நடுவிலுள்ள பாங்கிக்கு. ஆகவே அது யாரைப் பொறுக்கும்? ஏற்கெனவே நம்பிக்கையானவனைத்தான். ஜெர்மனியில் பெரும்பாலோருக்கு வழக்கமான பாங்கி ஒன்று உண்டு. மூலை முடுக்கிலெல்லாம் நகரசபைச் சேமிப்புப் பாங்கியும், ரெய்பைசன் வழி வந்த கூட்டுறவுப் பாங்கியும் இருக்கின்றன. ஆகவே இந்த ஏற்பாடு அங்கே ஓடுகிறது. வாய்க்கால் எல்லாம் வெட்டி வைத்த ஊரில் ஏரி மதகைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குப் போகும். வாய்க்காலே இல்லாத ஊரில் மதகை மட்டும் ஜெர்மனியைப் பார்த்துச் செய்து வைத்தால் தண்ணீர் எங்கே போகும்?

அந்தப் பாங்கியும் தவறே செய்யாதது அல்ல. 2008-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி அமெரிக்காவில் லேமன் என்ற பெரிய பாங்கி திவாலான அன்றைக்கே, சுமார் 30 கோடி யூரோவை அந்தத் திவாலானவனுக்கே அனுப்பி வைத்தார்கள். உலகமெல்லாம் அவன் சங்கதி சந்தி சிரிக்கிறது. முன்பே குறித்து வைத்த தவணை என்று பணம் தன் பாட்டில் போய்ச் சேர்ந்தது. பத்திரிகைகள் ஜெர்மனியிலேயே மகா முட்டாள் பாங்கி என்று எழுதின. நிர்வாகத்தில் இருவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். முட்டாள்தனம் எங்கும் நடக்கும். நடந்தது சீக்கிரமே ஜனங்களுக்குத் தெரிந்ததும், பொறுப்பாளியைக் கேட்டதுமே அங்குள்ள விசேஷம்.

பல்கேரியா தேசத்தில் சிறு தொழிலுக்கும் நடுத்தரத் தொழிலுக்கும் உதவவென்றே சர்க்கார் வைத்த அபிவிருத்தி பாங்கியின் பணத்தில் பெரும் பங்கு எட்டே எட்டுக் கம்பெனிகளுக்குப் போயிருந்தது என்று 2021-ல் வெளிவந்தது. அதுவும் எப்படி வந்தது? சர்க்கார் மாறி, புதிய மந்திரி கணக்கைத் திறந்து காட்டியதால் வந்தது. மாறாதிருந்தால் எட்டுப் பேரும் சிறு தொழிலாளிகளாகவே இருந்திருப்பார்கள்!

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்வீடன் தேசத்து ஏற்பாடு. அது பெரிய பாங்கியல்ல. ஆல்மி என்று பேர்; 1994-ல் ஏற்பட்டது. அது நடுவில் ஒருவனை வைத்துக் கொள்வதில்லை. ஜில்லாதோறும் ஆபீஸ் வைத்து, கடன் கேட்கிறவனை எதிரில் உட்கார வைத்து நேராகப் பேசுகிறது. பாங்கி முழுவதும் கொடுக்கத் துணியாத கடனில் மீதியை இது கொடுக்கும். வியாபாரம் எப்படிச் செய்வது என்று யோசனையும் சொல்லும். ஒன்று கவனியுங்கள். வட்டி சாதாரண பாங்கியைவிடச் சற்று அதிகம். மறைக்காமல் அப்படித்தான் என்று சொல்லியே வாங்குகிறார்கள். பாங்கியில் கிடைக்கக் கூடியவன் இங்கே வந்து இடத்தை அடைக்கக் கூடாது, கிடைக்காதவன் மட்டும் வர வேண்டும் என்பதே காரணம். நம் ஊரில் என்ன செய்கிறோம்? வட்டியை மிகவும் குறைத்து அறிக்கை போடுகிறோம். உடனே அந்தக் குறைந்த வட்டிப் பணத்தை வசதியுள்ளவன் வாங்கி, அதையே வசதியில்லாதவனுக்கு மாத வட்டிக்கு விடுகிறான். இந்த வியாபாரம் நடக்கவில்லை என்று உங்களில் யாராவது கை தூக்குங்கள், பார்க்கலாம். (சிரிப்பு)

இங்கிலாந்தின் கதை வேடிக்கையானது. 2012-ல் காற்றாலை முதலியவற்றுக்குக் கடன் கொடுக்கச் சர்க்கார் பாங்கி ஒன்று வைத்தார்கள். நன்றாக நடந்தது. நன்றாக நடக்கிறது என்பதற்காகவே 2017-ல் ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்றுக்கு விற்று விட்டார்கள். 2021-ல் ஏறக்குறைய அதே மாதிரி வேலைக்கு வேறொரு சர்க்கார் பாங்கியைப் புதிதாக ஆரம்பித்தார்கள்.

நாமும் சிரிக்க வேண்டியதில்லை. ஜெர்மனி தன் பாங்கியை வைத்த அதே 1948-ல்தான் நம் தேசத்திலும் ஐ.எப்.சி.ஐ. என்ற கைத்தொழில் கடன் ஸ்தாபனம் வைக்கப்பட்டது. அடுத்த வருஷமே, 1949-ல், சென்னை மாகாணம் தனக்கென்று கைத்தொழில் முதலீட்டு ஸ்தாபனம் வைத்தது, இன்று டி.ஐ.ஐ.சி. என்று சொல்லப்படுவது அதுதான். மற்ற மாகாணங்களுக்கு அதற்குச் சட்டமே 1951-ல்தான் வந்தது. 1955-ல் ஐ.சி.ஐ.சி.ஐ., 1964-ல் ஐ.டி.பி.ஐ. என்று வரிசையாக வந்தன. பிறகு 1991-க்கு மேல் ரிசர்வ் பாங்கி கொடுத்து வந்த மலிவான நீண்ட காலப் பணம் நின்றது. பெரிய முதலாளிகள் வாங்கிய கடனோ திரும்பவில்லை. 2002-ல் ஐ.சி.ஐ.சி.ஐ.யும், 2004-ல் ஐ.டி.பி.ஐ.யும் சாதாரண பாங்கிகளாயின. விதை நெல்லைப் பற்றிச் சொன்னேனே, அது இங்கே சமைக்கப்பட்டு விட்டது. சாப்பிட்டவர்கள் கை கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். 2021-ல் பெரிய கட்டுமானங்களுக்கென்று மறுபடியும் ஒரு சர்க்கார் பாங்கிக்குப் பார்லிமெண்டில் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

குடியானவனுக்கென்று இருப்பது 1982-ல் ஏற்பட்ட நபார்டு. அதுவும் ஜெர்மன் மாதிரிதான். உங்களுக்கு நேராக ஒரு காசும் கொடுக்காது. பாங்கிக்கும் கூட்டுறவுக்கும் கொடுக்கும். அவர்கள் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறார்களா? பாங்கிகள் தாங்கள் கொடுக்கும் கடனில் 18 சதவிகிதம் விவசாயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுக்காத பாங்கி, குறைந்த தொகையை நபார்டு முதலிய ஸ்தாபனங்களில் வைத்திருக்கும் நிதிகளில் டிபாசிட்டாகப் போட வேண்டும். அப்படிப்பட்ட கிராமக் கட்டுமான நிதி ஒன்று 1995-ல் நபார்டில் 2,000 கோடி ரூபாயோடு ஆரம்பமாகி வருஷா வருஷம் பெருகியது. அதிலிருந்து மாகாண சர்க்கார்கள் ரோடும் பாலமும் கட்டுகின்றன. ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் இன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்து மலையேறி வந்தேன். ஆனால் குடியானவன் கைக்குக் கடனாக வர வேண்டிய பணம், கொடுக்க மனமில்லாததால் ரோடாக மாறுகிறது. அந்த ரோட்டில் முதலில் மேலே ஏறி வருகிறவன் புளியையும் பலாவையும் பூவிலேயே விலை பேசி முன்பணம் கொடுக்கிற வியாபாரி. மனு வாங்க மறுப்பது என் கஷ்டம் மாத்திரமல்ல, அது ஒரு தேச வழக்கமாகவே இருக்கிறது என்பதற்கு அந்த நிதியின் பெருக்கமே சாட்சி.

இந்த மலைக்கு வருவோம். இங்கே உழுகிறவனுக்கு ஈடு வைக்க என்ன இருக்கிறது? காட்டோரத்தில் தலைமுறையாக உழுதவனுக்குப் பட்டா இல்லை. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. நம் தமிழ்நாட்டில் 2008-ல் ஹைகோர்ட்டு உத்தரவு ஒன்றால் பட்டா கொடுப்பது தடைப்பட்டு, 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை நீக்கும் வரைக்கும் எட்டு வருஷம் கிடந்தது. பட்டா இல்லாவிட்டால் அடங்கல் இல்லை. அடங்கல் இல்லாவிட்டால் பயிர்க்கடன் இல்லை. கெடுவுக்குள் கட்டினால் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது என்பது தமிழ்நாட்டு ஏற்பாடு. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கி உத்தரவு. இரண்டும் நல்லவையே. காகிதம் உள்ளவனுக்கு நல்லவை.

அந்தக் காகிதம் இல்லாதவன் எங்கே போகிறான்? முன்பணம் கொடுக்கிற தரகனிடம் போகிறான். 2015-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 தமிழர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் இந்த மலையையும் இதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். அவர்கள் யார் என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரம் வெட்டுவது குற்றமா இல்லையா என்று பேச நான் இங்கு வரவில்லை. அது குற்றமென்றால் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தச் சட்டம் இருக்கிறது. அந்த மரத்தால் இலாபம் அடைந்த முதலாளி எந்தக் காட்டிலும் செத்துக் கிடக்கவில்லை.

அதற்கு மறுநாள், ஏப்ரல் 8-ந் தேதி, டில்லியில் முத்ரா திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. ஈடு கொடுக்க முடியாத சிறிய மனிதனுக்குக் கடன் என்று அங்கே பேசப்பட்டது. இரண்டு தேதிகளையும் நான் ஒரே பத்திரிகைக் கட்டில் அடுத்தடுத்துப் பார்த்தேன். பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

(இச்சமயம் கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் எழுந்து, "ஐயா, கந்துவட்டிக்காரன் பாதி ராத்திரியில் கூப்பிட்டாலும் வருகிறான்; பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கொடுக்கிறான். உங்கள் பாங்கி வருமா?" என்று கேட்டார்.)

பெரியவர் கேட்டது, நான் இதுவரை பேசியதைவிட மேலான பேச்சு. வராதுதான். அந்தக் கந்துவட்டிக்காரன் பலமே அதுதான். அவன் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறான். உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். ரெய்பைசன் செய்த சாமர்த்தியமெல்லாம், லேவாதேவிக்காரனிடமிருந்த இந்த அருகாமையை எடுத்துக் குடியானவன் சங்கத்துக்குக் கொடுத்ததேயாகும். ஸ்வீடன்காரன் எதிரில் உட்கார வைத்துப் பேசுவதும் அதுவே. அந்த மாதிரி ஒரு வாசல் உங்களுக்கும் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. மலைவாழ் ஜனங்களுக்கென்று 1970-களில் லேம்ப் சங்கம் என்று பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை வைத்தார்களே, அவற்றின் உத்தேசம் என்ன? கடனும் அங்கேயே, உப்பும் அரிசியும் அங்கேயே, தேனும் புளியும் கடுக்காயும் விற்பதும் அங்கேயே. கடனை விளைச்சலில் கழித்துக் கொண்டால் ஈடே வேண்டாம். இதைவிட நல்ல யோசனை ஐரோப்பாவிலும் இல்லை என்பேன். ஆனால் அதன் பேரவைக் கூட்டத்துக்கு உங்களில் எத்தனை பேர் போனீர்கள்? பத்துக் கைகூடத் தூக்கவில்லையே! கூட்டம் நடந்ததாகப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் போட்டவர்கள் இருந்தால் அவர்கள் கையைக் கீழேயே வைத்துக் கொள்ளலாம். (சிரிப்பு)

தாய்மார்களில் குழுக் கணக்கு எழுதுகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வாரம் தவறாமல் பத்து இருபது பேர் பணத்தை வாங்கி, யார் கொடுத்தாள், யார் பாக்கி என்று எழுதி வைக்கிற நீங்கள், சங்கத்தின் கணக்கைப் படித்துக் காட்டு என்று கேட்க என்ன தடை? கேட்டால் ஆண்கள் முறைப்பார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாகச் செய்யக்கூடியதைச் சொல்லுகிறேன். பாங்கிக்கு வெறுங்கையோடு போய் வாயால் கேட்காதீர்கள். மனுவை இரண்டு பிரதி எழுதிக் கொண்டு போய், ஒன்றைக் கொடுத்து மற்றதில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். மனு வாங்கியதற்கு ரசீது கொடுக்க வேண்டும். கடன் இல்லையென்றால் இன்ன காரணத்தால் இல்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2003-ல் விதித்திருக்கிறது. நான் அன்று இதை அறியாமல் போய்த்தான் 40,000 ரூபாய் வட்டி அழுதேன். எழுத்தில் தர மறுத்தால் ரிசர்வ் பாங்கியின் குறை கேட்கும் அதிகாரிக்கு எழுதலாம்; அதற்குக் கட்டணமில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் நேராகச் சங்கத்திடம் கேட்க முடியாது என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு கேரளா வழக்கில் சொன்னது. ஆனால் சட்டப்படி பதிவாளரிடம் இருக்கிற, அவர் கேட்டுப் பெறக்கூடிய விவரங்களை அவரிடம் கேட்கலாம் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே மனுவைச் சங்கத்துக்கு அல்ல, கூட்டுறவுப் பதிவாளர் ஆபீசுக்கு எழுதுங்கள். இந்த மலையில் போன வருஷம் எத்தனை பேர் கடன் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, புளி என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விற்றது என்ற மூன்றைக் கேட்டால் போதும்.

நாளைக் காலை பஸ் புறப்படும் வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன். எழுதத் தெரியாதவர்கள் பட்டா இருந்தால் பட்டாவும், இல்லாவிட்டால் ரேஷன் கார்டும் பாங்கிப் புத்தகமும் எடுத்துக் கொண்டு வாருங்கள். காகிதமும் பேனாவும் நான் கொண்டு வந்திருக்கிறேன்.